வலைப்பதிவுக்கு இடம், படங்களுக்குக் கிடங்கு

2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியபோது, திருவானைக்காவலுக்கும் நம்பர் 1 டோல்கேட்டுக்கும் நடுவே 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அடுத்த சில நாளில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-இல் எழுப்பிய அணை அது. மாலை நடைக்குப் போனவர்களும் குடும்பத்தோடு முக்கொம்பு பார்க்கப் போனவர்களும் பொழுதுபோக்காக எடுத்து வைத்திருந்த படங்கள் ஒரே வாரத்தில் ஆவணங்களாகிவிட்டன.

அதற்கு முந்தைய வருடம் இணையத்தில் வேறொரு சரிவு நடந்திருந்தது. 2003-இல் தொடங்கிய போட்டோபக்கெட் என்ற படச்சேமிப்புத் தளம், 2017-இன் நடுவில் தன் விதிகளை மாற்றியது. அங்கே சேமித்த படம் வேறு தளத்தில் தெரிய வேண்டுமானால் வருடத்துக்கு 399 டாலர் கட்ட வேண்டும் என்றது. உலகெங்கும் லட்சக்கணக்கான பக்கங்களில் படம் இருந்த இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை முளைத்தது. கட்டுரை அப்படியே இருந்தது, படம் மட்டும் இல்லை.

ஊரைப் பற்றி எழுதப் புறப்படும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தை எங்கே வைப்பது, படத்தை எங்கே வைப்பது என்பவை தனித்தனி முடிவுகள். இரண்டுக்கும் பொதுவான சோதனை ஒன்றுதான்: நாளைக்கே அந்த இடத்தைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? அந்த வழி தெரிந்த பிறகு உள்ளே நுழையுங்கள்.

தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

ஒரு தாளில் விடை எழுதுங்கள். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதாது.

1. வாரத்துக்கு எத்தனை பதிவு, ஒரு பதிவுக்கு எத்தனை படம்? ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளைப் பற்றி மாதம் இரண்டு கட்டுரை எழுதுபவரின் தேவை வேறு. பகல் பத்து, இராப் பத்து இருபது நாளும் விழாவைப் படம் பிடிப்பவரின் தேவை வேறு.
2. யார் படிப்பார்கள்? தில்லை நகரில் இருப்பவரா, பத்து வருடமாக ஊருக்கு வராத வெளிநாட்டுக்காரரா, சுஜாதாவின் கதைகளைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்தைத் தேடுபவரா? பெரும்பாலோர் கைபேசியில்தான் படிப்பார்கள்.
3. வருடத்துக்கு எவ்வளவு செலவழிக்க முடியும்? பூஜ்யம் என்பதும் நியாயமான விடைதான்.
4. கணினியில் ஏதாவது கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள்? "பையன் பார்த்துக்கொள்வான்" என்றால், அவன் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு யார் என்பதையும் எழுதுங்கள்.

எழுத்துக்கு எந்த இடம்

நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது பிளாகர். 1999-இல் பைரா லேப்ஸ் தொடங்கியதை 2003-இல் கூகுள் வாங்கியது. தமிழ் வலைப்பதிவுகள் பெருகத் தொடங்கிய அந்த வருடங்களில் பலர் குடியேறிய இடம் இதுதான். பணம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். சொந்த முகவரி வாங்கி இணைத்தாலும் பிளாகர் கட்டணம் கேட்பதில்லை, முகவரிக்கான பணம் மட்டும்தான். ஒரே பதிவில் பலரை எழுத்தாளர்களாகச் சேர்க்கலாம் என்பதால் ஒரு தெருக்காரர்களோ பழைய மாணவர் சங்கமோ கூட்டாக நடத்தவும் ஏற்றது. புதிய வசதிகள் அபூர்வமாகத்தான் வருகின்றன. எழுதுகிறவருக்கு அது பெரிய குறையில்லை.

இரண்டாவது வேர்ட்பிரஸ் டாட் காம். தோற்றம் இன்னும் திருத்தமாக இருக்கும், எழுதும் பலகையும் வசதியானது. இலவசத் திட்டத்தில் சேமிப்பு இடம் 1 ஜிபி மட்டும். சொந்த முகவரி வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, வேர்ட்பிரஸ் மென்பொருளை வாடகை சர்வரில் நீங்களே நிறுவுவது. 2003 மே மாதம் வெளிவந்த இந்த மென்பொருள் இலவசம், சர்வர் வாடகை இலவசம் அல்ல. மாதந்தோறும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், காப்பு எடுக்க வேண்டும், வாடகை தவறாமல் கட்ட வேண்டும். தவறினால் தளம் மறைந்துவிடும். தங்கும் விடுதி, சமையல் ஒப்பந்தம், சுற்றுலா வழிகாட்டல் என்று தொழிலோடு சேர்த்து நடத்துபவர்களுக்கு இந்த வழி. பொழுது கிடைக்கும்போது எழுதுகிறவர்களுக்கு வேண்டாம்.

சப்ஸ்டாக், மீடியம் போன்றவையும் உண்டு. மின்னஞ்சலில் கட்டுரையை அனுப்புவதுதான் நோக்கம் என்றால் சப்ஸ்டாக் பொருந்தும். வருடக்கணக்கில் தேடி எடுக்க வேண்டிய ஊர் வரலாற்றுக்கு அது வசதிப்படாது.

முதல்முறை தொடங்கும் தமிழ் எழுத்தாளருக்கு இந்த நூலின் பரிந்துரை: பிளாகரில் தொடங்குங்கள், தொடர்ந்து எழுதுவது உறுதியானதும் சொந்த முகவரி வாங்கிவிடுங்கள்.

சொந்த முகவரி எதற்கு

இரண்டு சம்பவங்கள், இரண்டும் இந்தியாவில் நடந்தவை.

2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்பு நடந்த சில நாளில், குறிப்பிட்ட சில பக்கங்களை முடக்கும்படி அரசு உத்தரவு போனது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பல, பக்கங்களைத் தனியாகப் பிரிக்காமல், பிளாகர் பதிவுகளின் பொது முகவரியான பிளாக்ஸ்பாட் முழுவதையுமே சில நாள் மூடிவிட்டன. தோட்டக்கலை பற்றி எழுதியவர் பதிவும் சேர்ந்து மூடப்பட்டது.

2012 முதல் இந்தியாவில் பிளாக்ஸ்பாட் பதிவைத் திறந்தால் முகவரியின் முடிவு 'டாட் காம்' என்பதிலிருந்து 'டாட் இன்' என்று தானாக மாறி வந்தது. பலர் அந்த முகவரியையே நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள், அச்சிலும் போட்டார்கள். 2020-இல் அந்த 'டாட் இன்' பெயரின் பதிவு காலாவதியாகி, கூகுளின் கையைவிட்டுப் போய் வேறொருவர் கைக்குச் சென்றது. பழைய இணைப்புகள் கொத்தாகச் செத்தன. சொந்த முகவரி வைத்திருந்தவர்களை அது தொடவில்லை.

முகவரி வாங்கும்போது பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளம் அமைத்துத் தரும் கடைக்காரர் பெயரில் இருந்தால், அவர் கடையை மூடும் நாளில் உங்கள் முகவரியும் போய்விடும். முதல் வருட விலை மலிவாக இருக்கும், புதுப்பிக்கும் விலை கூடுதலாக இருக்கும். வாங்குமுன் இரண்டாவதைப் பாருங்கள்.

பிளாகரில் தொடங்கும் முறை

1. வலைப்பதிவுக்கென்று தனி ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். அலுவலக மின்னஞ்சல் கூடாது, ஓய்வு பெறும் நாளில் அது போய்விடும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை உடனே இயக்கி, மீட்புக்கான கைபேசி எண்ணையும் இன்னொரு மின்னஞ்சலையும் கொடுங்கள்.

2. முகவரியைத் தேர்ந்தெடுங்கள். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையில்லாமல் எழுத வேண்டும், அதுதான் அளவுகோல். இடைக்கோடும் எண்ணும் வேண்டாம். பின்னால் மாற்றினால் அதுவரை கொடுத்த இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும்.

3. அமைப்புகளில் மொழியைத் தமிழாக்கி, நேர வலயத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால், ஏகாதசியன்று காலையில் எழுதியது தசமியன்று எழுதியதாகக் காட்டும்.

4. எளிய வெள்ளைப் பின்னணித் தோற்றம் ஒன்றை எடுங்கள். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு. வரிகளுக்கு நடுவே இடம் குறைவான தோற்றம் கைபேசியில் கண்ணை வருத்தும்.

5. சோதனைப் பதிவு ஒன்று எழுதுங்கள். இரண்டு பத்தி, இரண்டு படம், ஓர் இணைப்பு போதும். வேறொருவர் கைபேசியில், உங்கள் கணக்கில் நுழையாமல் திறந்து பாருங்கள்.

6. வெளியிடுமுன் பதிவின் நிரந்தர இணைப்பை ஆங்கில எழுத்தில் நீங்களே இடுங்கள். இதைத் தமிழில் எழுதுபவர்களில் பலர் கவனிப்பதில்லை. தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் பிளாகர் அதிலிருந்து முகவரி உண்டாக்காது. 'பிளாக் போஸ்ட்' என்று பொதுவாக ஒன்றை வைத்து, அடுத்தடுத்த பதிவுகளுக்கு எண்ணைச் சேர்த்துக்கொண்டே போகும். நூறு பதிவுக்குப் பின் எது எந்தப் பதிவின் முகவரி என்று உங்களுக்கே தெரியாது. வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே அனுப்பிய இணைப்பு கெடும்.

7. முதல் பதிவு வெளியானதும் காப்புப் பிரதி எடுத்து, இறங்கிய கோப்பில் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். எழுத்து இருக்கும். படம் இருக்காது, படத்துக்கான இணைப்பு மட்டும் இருக்கும். வேர்ட்பிரஸிலும் இதே கதைதான்.

வேர்ட்பிரஸில் முகவரிச் சிக்கல் வேறு விதம். அது தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். உலாவியில் அழகாகத் தெரியும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக உடைந்து நீளும். ஒவ்வொரு தமிழ்க் குறியும், துணைக்காலும் புள்ளியும்கூட, ஒன்பது எழுத்து இடத்தைப் பிடிக்கும். 'திருச்சிராப்பள்ளி' என்ற ஒற்றைச் சொல்லே 153 எழுத்தாகும். அங்கேயும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே இடுவதே நல்லது.

குறிப்பு: 2004-இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஒரு காலத்தில் புதுப் பதிவரைத் தாமே வாசகரிடம் கொண்டு சேர்த்தன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று வாசகர் தேடுபொறி வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும்தான் வருகிறார். ஆகவே ஸ்ரீரங்கம் என்றும் திருவரங்கம் என்றும், திருச்சி என்றும் திருச்சிராப்பள்ளி என்றும் கட்டுரையில் இயல்பாக இரண்டு வடிவங்களும் ஓரிடத்திலாவது வரட்டும்.

படங்களை எங்கே வைப்பது

போட்டோபக்கெட்டோடு கதை முடியவில்லை. அதன் துணைத் தளமான டைனிபிக் 2019-இல் மூடப்பட்டது. கூகுளின் பிகாசா வலை ஆல்பங்கள் 2016-இல் நின்றன. 2004-இல் தொடங்கிய ஃபிளிக்கர், யாஹூ கைக்குப் போய், 2018-இல் ஸ்மக்மக் நிறுவனத்துக்கு மாறியது. அந்த வருடமே இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று வரம்பு அறிவிக்கப்பட்டது. இம்கர் 2023-இல், கணக்கில்லாமல் ஏற்றிய, யாரும் பார்க்காத பழைய படங்களை நீக்கத் தொடங்கியது. தளத்துக்குத் தளம் காரணம் வேறுபட்டாலும், பணம் வாங்காமல் பிறருடைய படங்களை என்றென்றும் தாங்குவதாகச் சொன்ன தளங்கள் பின்வாங்கியிருக்கின்றன.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்.

பதிவுக்குள் வரும் படத்தை அந்த வலைப்பதிவிலேயே நேரடியாக ஏற்றுங்கள். நடுவில் மூன்றாவது தளம் எதற்கு? எழுத்தும் படமும் ஒரே இடத்தில் இருந்தால் கவலைப்பட வேண்டியது ஒரு நிறுவனத்தைப் பற்றி மட்டும்.

பதிவுக்குள் அடங்காத தொகுப்புக்கு, உதாரணமாகத் தெப்பக்குளத்தைச் சுற்றிய பழைய கடைகளின் இருநூறு படம் என்றால், ஃபிளிக்கர் இன்னும் நல்ல இடம். 1,000 வரம்பை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள்.

ஊருக்குப் பொதுவான மதிப்புள்ள படங்களை விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுங்கள். இடிந்த பாலம், 2022-இல் பழுதுபார்ப்புக்காக மூடிய காவிரிப் பாலம், காந்தி மார்க்கெட்டின் பழைய தோற்றம் போன்றவை. 2004 முதல் இயங்கும் அந்தக் களஞ்சியம் விளம்பரத்தையோ சந்தாவையோ நம்பி நடக்கவில்லை, நன்கொடையில் நடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளும் உங்கள் படத்தைப் பயன்படுத்த முடியும். நிபந்தனையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்: உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எவரும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம். கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது. பேத்தியின் பிறந்தநாள் படத்துக்கு அது இடமல்ல.

கூகுள் போட்டோஸ் சேமிக்க நல்லது, பதிவில் காட்ட ஏற்றதல்ல. அங்கே கிடைக்கும் பகிர்வு இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கும், படத்தைத் தராது. 2021 ஜூன் முதல் அங்கே ஏற்றும் படங்கள் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்காகின்றன. மின்னஞ்சலும் அதே 15 ஜிபியில்தான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் படத்தின் முகவரியை நகலெடுத்துப் பதிவில் ஒட்டினால் சில நாளில் காலாவதியாகும்.

படத்தைத் தயார் செய்தல்

1. கைபேசியிலிருந்து கணினிக்குக் கேபிள் வழியாக எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், இழந்த விவரம் திரும்பாது.

2. வருடம், மாதம், இடம் என்ற வரிசையில் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். கேமரா தரும் எண்ணை அப்படியே விட்டால் ஐந்து வருடம் கழித்துத் தேட முடியாது.

3. மூலப் படத்தைத் தொடாதீர்கள். நகல் எடுத்து அதில்தான் வெட்டுவதும் வெளிச்சம் கூட்டுவதும்.

4. நகலின் நீண்ட பக்கத்தை 1,600 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் தரம் 80-இல் சேமியுங்கள். 4 எம்பி படம் ஏறத்தாழ 400 கேபிக்கு வந்துவிடும். வேர்ட்பிரஸின் 1 ஜிபியில் பெரிய படம் 250 போகும் இடத்தில் இது 2,500 போகும். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் படிப்பவருக்கும் பக்கம் சீக்கிரம் திறக்கும்.

5. படத்துக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடக் குறிப்பை நீக்குங்கள். கேமரா அமைப்பிலேயே அணைத்துவிடுவது எளிது. வீட்டுக்குள் எடுத்த கொலு படத்தில் அந்தக் குறிப்பு இருந்தால், வீடு எங்கே என்பதை யார் வேண்டுமானாலும் வரைபடத்தில் பார்க்கலாம்.

6. ஏற்றியபின் படவிளக்கம் எழுதுங்கள்: எந்த இடம், எந்த வருடம், எந்தத் திசையிலிருந்து. 'அழகிய காட்சி' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பார்வையற்றோர் கேட்டறியும் மாற்று உரையையும் தமிழில் நிரப்புங்கள்.

வைகுண்ட ஏகாதசியன்று ஒருவர் முந்நூறு படம் எடுப்பது சாதாரணம். பதிவுக்கு எட்டு போதும்.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய ஸ்டூடியோ படங்களை ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ அளவில் எடுங்கள். 4-க்கு 6 அங்குலப் படம் 2,400-க்கு 3,600 பிக்சலாகக் கிடைக்கும், பெரிதாக்கி அச்சிடவும் போதும். ஆல்பத்திலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். ஒட்டியபடியே, சாய்வான வெளிச்சத்தில் படம் பிடியுங்கள்.

எச்சரிக்கை

கோவிலுக்குள் கைபேசியை எடுக்காதீர்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோவில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. ஸ்ரீரங்கத்தில் 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தை வெளியே தெருவிலிருந்தே முழுதாக எடுக்கலாம், அதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

அம்மா மண்டபம் படித்துறையில் குளிப்பவர்களும் திதி கொடுப்பவர்களும் இருப்பார்கள். துக்கத்தில் இருப்பவர் முகத்தையும் ஈரத் துணியோடு நிற்பவரையும் பதிவில் போடக் கூடாது. ஆடிப்பெருக்கு அன்று பூஜைத் தட்டு, முளைப்பாரி, ஆற்றில் மிதக்கும் விளக்கு என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. முகம் தேவையென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். பள்ளிச் சீருடையில் இருக்கும் குழந்தையின் படத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் ஏற்றாதீர்கள்.

இணையத்தில் கிடைத்த படம் இலவசப் படம் அல்ல. எடுத்தவர் அனுமதி வேண்டும், அல்லது பொதுவகம் போல் உரிமம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பிறர் தளத்துப் படத்தை அங்கிருந்தே உங்கள் பதிவில் இழுத்துக் காட்டுவது இன்னொரு தவறு. அவர் படத்தை மாற்றினால் உங்கள் கட்டுரை நடுவே அதுதான் தெரியும்.

காப்பு எடுக்கும் வழக்கம்

மாதத்தின் முதல் ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. வலைப்பதிவின் காப்புப் பிரதியை இறக்கிக் கணினியில் வையுங்கள்.
2. மூலப் படங்களின் நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள்.
3. இரண்டாவது டிஸ்க் வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஸ்ரீரங்கம் ஆற்றுக்கு நடுவே தீவில் இருக்கும் ஊர், வெள்ளம் வந்தால் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு நகலும் சேர்ந்து போகும்.
4. புதுப் பதிவுகளின் முகவரியை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமியுங்கள். கட்டணம் இல்லை.
5. வருடத்துக்கு ஒருமுறை காப்பிலிருந்து ஒரு பதிவையாவது மீட்டுப் பாருங்கள். தனியாக ஒரு சோதனைப் பதிவு தொடங்கி அதில் ஏற்றினால் போதும். திறக்காத கோப்பு காப்பாகாது.

பழைய பிளாகர் பதிவிலிருந்து மட்டுமே படம் கிடைக்கும் நிலை என்றால் ஒரு வழி உண்டு. படத்தின் முகவரிக்குள் எஸ் என்ற ஆங்கில எழுத்தோடு 320 போன்ற எண் இருக்கும். அதை 1600 என்று மாற்றித் திறந்தால் பெரிய அளவு கிடைக்கும், ஏற்றியபோது படம் அந்த அளவு இருந்திருந்தால்.

கடைசியாக, கணக்கு யாருக்குப் போகும் என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. கூகுள் கணக்கு அமைப்புகளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற பகுதி உண்டு. அங்கே 3, 6, 12, 18 மாதம் என்ற காலங்களில் ஒன்றைத் தேர்ந்து, மகளோ மருமகனோ நண்பரோ, 10 பேர் வரை பெயர் கொடுக்கலாம். எந்தத் தரவு யாருக்கு என்றும் தனித்தனியே குறிக்கலாம். பெயர் கொடுத்தவரிடம் அதை வாயால் சொல்லுங்கள், ஹார்ட் டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.